வெந்நீரில் ஒரு ழகரம்

அக்டோபர் 14, திங்கள். இஸ்தான்புல்

வந்து சேர்ந்தாயிற்று. விமானத்தில் என் வீட்டுக்காரர் தூங்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த துருக்கிக்காரரையும் தூங்க விடவில்லை. துருக்கி என்ற பெயர் 'துருவு' என்ற வேரிலிருந்து வந்தது என்று அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். தேங்காய்த் துருவலை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் கையால் துருவிக் காட்டினார். அந்த மனிதர் காதில் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "பார்த்தாயா, உண்மையைச் சந்திக்க முடியவில்லை" என்று என்னவர் என்னிடம் திரும்பிச் சொன்னார்.

இது மூட்டுவலிக்காரர்களுக்கான சுற்றுலா. பமுக்கலே என்ற இடத்தில் மலைமேல் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவாம். பக்கத்திலேயே ரோமானியர் காலத்து நகரம் ஒன்று இடிந்து கிடக்கிறதாம். மகள் கயல்விழி பெங்களூரில் இருந்தபடியே எங்கள் இரண்டு பேருக்கும் பதிவு செய்துவிட்டாள். "உன் மணிக்கட்டுக்கு நல்லதும்மா, அப்பா முழங்காலுக்கும் ஆச்சு" என்றாள். அப்பாவுக்கு இது சிகிச்சை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. களஆய்வு.

முனைவர் பொழிலரசன் என்றால் திருச்சியில் தெரியாதவர்கள் குறைவு. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டிமன்றங்களில் பெண் விடுதலை அணிக்கு நிரந்தரத் தலைவர். இப்போது 'வேர்முரசு' என்று ஒரு சேனல் நடத்துகிறார். உலகத்தில் உள்ள ஊர்ப்பெயர் எல்லாம் தமிழ் என்று வாரம் ஒரு ஊராக நிரூபித்து வருகிறார். பெற்றோர் வைத்த பெயர் வனராஜன். கல்யாணம் ஆன புதிதில் அதை மாற்றிக்கொண்டார், கையோடு என்னையும் மாற்றினார். ஹேமலதா பொற்கொடி ஆனேன். அன்றைக்குக் கொஞ்சம் பொருந்தியது. இன்றைக்கு அறுபத்தொரு வயது, எழுபத்தாறு கிலோ. "என் துணைவியார் பொற்கொடி" என்று மேடையிலிருந்து அவர் கை நீட்டினால், கூட்டம் எனக்குப் பின்னால் யாரையோ தேடும். வீட்டில் துண்டு காணாமல் போனால் மட்டும் நான் ஹேமா.

இதை எழுதும்போது எட்டிப் பார்த்தார். "என் கட்டுரையைப் படியெடுக்கச் சொன்னால் கை வலிக்கிறது, இதற்கு மட்டும் வலிக்காதா?" என்றார். ஸ்ரீராமஜெயம் எழுதுகிறேன் என்றேன். "மூடநம்பிக்கை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனிமேல் இந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

அக்டோபர் 15, செவ்வாய்

அரண்மனை, மசூதி, சந்தை. எல்லாம் தமிழ்.

அக்டோபர் 16, புதன். பமுக்கலே அருகே

ஹோட்டல் நன்றாக இருக்கிறது. வாசலிலேயே ஒரு வெந்நீர்த் தொட்டி. தண்ணீரில் இரும்புச் சத்தாம், செம்மண் குழைத்தது மாதிரி நிறம். எங்கள் குழுவில் பதினான்கு பேர், இருபத்தெட்டு முழங்கால்கள். அதில் உருப்படியானது நாலைந்து தேறும். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் எல்லாரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுவிட்டார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தேவகோட்டை அழகம்மை ஆச்சி. எழுபது வயது, தனியாக வந்திருக்கிறார். பையில் மணகோலம், சீப்புச் சீடை என்று செட்டிநாட்டுப் பலகாரங்கள், ஒரு பாட்டில் மாவடு. "செட்டியார் போயி எட்டு வருசம் ஆச்சுத்தா. அவுக இருக்கும்போது குற்றாலத்துக்கே கூட்டிட்டுப் போனதில்லை. இப்ப நானே என்னையக் கூட்டிட்டுப் போயிக்கிறேன்" என்றார். பிறகு என் சம்பந்திகளைப் பற்றி விசாரித்தார். எனக்கே தெரியாத விஷயங்களைக் கேட்டார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கியவள் நான். தொழில்காரி தொழில்காரியை அறிவாள்.

எங்களை மேய்ப்பவன் ஜோஷ்வா, சென்னைப் பையன். உள்ளூர் வழிகாட்டி எலிஃப் என்ற பெண். முப்பது வயதுக்குள் இருப்பாள். நாங்கள் பேசும் ஆங்கிலம் அவளுக்குப் புரிகிறது, அதுவே பெரிய திறமை. என்னை 'தெய்ஸெ' என்று கூப்பிடுகிறாள். அவர்கள் மொழியில் சித்தி, பெரியம்மா மாதிரியாம். என்னவர் துள்ளி எழுந்தார். "தாய்சேய்! தாய்சேய் உறவு! குறித்துக்கொள் பொற்கொடி!"

கை வலிக்கிறது என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

மலையைப் பார்த்தேன். வெள்ளை. சுண்ணாம்பு நீர் வழிந்து வழிந்து, உறைந்து, படிப்படியாகத் தாம்பாளங்களை அடுக்கி வைத்தது போல் நிற்கிறது. ஒவ்வொரு தாம்பாளத்திலும் இளநீல வெந்நீர். ஆச்சிகூடப் பேசவில்லை.

பாறை கெட்டுவிடும் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். என்னவர் மறுத்துவிட்டார். "கோயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றாதவன் நான்" என்றார். காவலாளி விசில் ஊதினான். இவர் கையை உயர்த்தி அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மேலே நடந்தார். அடுத்த விசிலில் அடுத்த காவலாளியும் சேர்ந்துகொண்டான். கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு செருப்பாகக் கழற்றினார்கள். "அரச மரியாதை" என்றார் ஆச்சி.

எலிஃப் சொன்னாள்: "பமுக் என்றால் பஞ்சு. கலே என்றால் கோட்டை. பஞ்சுக் கோட்டை."

"தவறு" என்றார் இவர். "கலே என்பது கல். பம்மிய கல். பம்மிக் கிடக்கும் கல்."

எலிஃப் என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

மேலே இடிந்த நகரம். தூண்கள், கல்லறைகள், மலைச் சரிவில் பெரிய அரங்கம். பெயர் ஹீராபொலிஸ். கிரேக்கத்தில் புனித நகரம் என்று அர்த்தம் என்றாள் அந்தப் பெண். இவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஏர். ஆ. பொலி. ஏரும் ஆவும் நெற்பொலியும் நிறைந்த ஊர். ஏராபொலி!"

பதின்மூன்று பேரும் கை தட்டினார்கள். வெயிலில் நிற்கும்போது கை தட்டினால் சீக்கிரம் முடியும் என்பது அனுபவம்.

ஒரு குகை வாசலைக் காட்டினாள் எலிஃப். உள்ளேயிருந்து விஷக்காற்று வருமாம். அந்தக் காலத்தில் அதை நரகத்தின் வாசல் என்பார்களாம். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? எங்க ஓரகத்தி வீட்டு வாசல் இதைவிடப் பெருசு" என்றார்.

நடந்து களைத்து ஒரு குளத்துக்கு வந்தோம். மரநிழல், இளஞ்சூட்டுத் தண்ணீர், சோடா மாதிரி குமிழி. பூகம்பத்தில் விழுந்த பளிங்குத் தூண்கள் தண்ணீருக்குள்ளேயே படுத்துக் கிடக்கின்றன. ஜனங்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து குளிக்கிறார்கள். கிளியோபாட்ரா குளித்த குளம் என்று ஒரு கதை. (கிளி, பாட்டு. நான் எழுதாமல் விட்டாலும் அவர் விடவில்லை.) ஆச்சி கடையில் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடுப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் இவர். "கையை மட்டும் நனைத்துக்கொள்ளட்டும். மணிக்கட்டுத்தானே வலி."

பெண் விடுதலை முழங்கையோடு நின்றுவிடும் என்பது எனக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியும். கரையில் உட்கார்ந்து கையை நனைத்தேன். நல்ல இதமான சூடு.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று இறங்கினேன்.

பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. என்னவர் குளத்தைச் சுற்றிப் படம் பிடிக்கப் போயிருந்தார். ஆச்சி உடுப்பை என் மடியில் போட்டு, "ரெண்டு வாங்குனா ஒண்ணு பாதி வெலைன்னான். போடலைன்னா எனக்குத்தான் நட்டம்" என்றார். பிறர் நட்டத்துக்குக் காரணமாக இருக்கக் கூடாது.

தண்ணீர் கழுத்து வரை வந்ததும் பயந்துவிட்டேன். எலிஃப் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கினாள். "தெய்ஸெ, தலையை விடுங்கள். தலையை நீங்கள் பிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். தண்ணீர் பிடித்துக்கொள்ளும்" என்றாள். விட்டேன். கால் தானாக மேலே வந்தது. எழுபத்தாறு கிலோவும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மல்லாந்து மிதந்தபோது காது இரண்டும் தண்ணீருக்குள் போயின. மரக்கிளை தெரிந்தது, வானம் தெரிந்தது. கரையில் என்னவர் நின்று கையை ஆட்டி எதையோ பேசுவது தெரிந்தது. வாய் அசைந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. என்னைத்தான் திட்டுகிறாரோ என்று பயந்தேன். இல்லை, அவர் என் பக்கமே பார்க்கவில்லை. கைபேசியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். எலிஃப் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் நீந்திப் போய் ஏதோ சொன்னாள், சிரித்தாள். நான் மறுபடி வானத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

எழுந்தபோது கொண்டை ஊசி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. முகமெல்லாம் முடி. பக்கத்தில் மூழ்கிக் கிடந்த தூணின் விரிசலில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு சிக்கியிருந்தது. எடுத்து உதறி, முடியைக் கட்டிக்கொண்டு கரையேறினேன். அவர் அதற்குள் வைஃபை தேடி டீக்கடைக்குப் போயிருந்தார். நான் தண்ணீரில் இறங்கியது அவருக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது.

இப்போது சாப்பாட்டு மேஜையில் ஒன்று நடந்தது. எழுதாமல் தூக்கம் வராது.

எல்லாரும் உட்கார்ந்ததும் இவர் கண்ணாடியைத் துடைத்தார். கைபேசியை ஜாடியில் சாய்த்து வைத்து வீடியோவை ஓட்டினார். குளம், குமிழி, தூண். தூணின் மேல் கறுப்பாக ஒரு சுழி.

"உற்றுப் பாருங்கள்! மேலே சுழி, நடுவே வளைவு, கீழே இழுப்பு! ழகரம்! உலகில் வேறெந்த மொழிக்கும் இல்லாத ழகரம்! ஈராயிரம் ஆண்டுகளாக வெந்நீரில் வேகாத தமிழ்!"

வீடியோவில் எலிஃப் குரல் கேட்டது: "சார், அது எழுத்து இல்லை. ஏதோ குப்பை." பிறகு அவள் சிரிப்பு, அவள் முகம். இவர் குரல் தழுதழுத்தது: "சிரிக்கிறார்கள், தோழர்களே. நம் தாயை அவள் மடியிலேயே வைத்துக் குப்பை என்கிறார்கள்."

என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது.

"என்னங்க, அந்தத் தூணு—"

"நான் பேசும்போது குறுக்கே பேசாதே."

சரி.

எதிரே ஆச்சி, "நேத்துக் குளத்துல என் கொண்டை ரப்பரு தொலைஞ்சு போச்சு, தேவகோட்டையில வாங்குனது" என்று ஜோஷ்வாவிடம் புலம்பிக்கொண்டிருந்தார். உப்பை எடுத்துத் தர நான் திரும்பினேன். ஆச்சி என் தலையைப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தார். மறுபடி என் தலையைப் பார்த்தார். பிறகு ஒரு மாவடுவை எடுத்து வாயில் போட்டு நிதானமாகக் கடித்தார்.

அக்டோபர் 19, சனி

சேனலில் போட்ட அந்த வீடியோவைக் காலைக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இவர் காலை நடைக்குப் போகவில்லை, நடக்காமலே மிதந்துகொண்டிருந்தார். கனடாவிலிருந்து பாராட்டு. மலேசியாவிலிருந்து பாராட்டு. ஒருவர் ழகரத்தை முதுகில் பச்சை குத்திப் படம் அனுப்பியிருந்தார். சென்னையில் ஏதோ இணையத் தொலைக்காட்சி. நாளைக் காலை குளக்கரையிலிருந்து நேரலை.

எலிஃப் வரவில்லை. வேறொரு ஆள் வந்து பேருந்தில் மைக்கைப் பிடித்தான். ஜோஷ்வாவைக் கேட்டேன். முதலில் "உடம்பு சரியில்லை ஆன்ட்டி" என்றான். தொலைபேசி நிலையத்தில் பொய்க் குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்துகொண்டவள் நான். விடவில்லை. கைபேசியை எடுத்துக் காட்டினான்.

அந்தப் பெண்ணின் பக்கத்தை யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அவள் பூனையோடு நிற்கும் படம், அம்மாவின் பிறந்தநாள் படம், எல்லாவற்றுக்கும் கீழே தமிழ். அவ்வளவு தமிழை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பல்லைத் தட்ட வேண்டும் என்று ஒருவன். அதைவிடக் கேவலமாக எழுதியவனின் படத்தில் அவன் பெண்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறான். அவளை வேலைக்கு வைத்திருக்கும் ஏஜென்சியைப் பற்றியும் ஆயிரக்கணக்கில் வசை. அதனால் அவர்கள் அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம்.

"அவ மொழிபெயர்த்துப் பாத்துருக்கா ஆன்ட்டி" என்றான் ஜோஷ்வா. "நேத்து ராத்திரி என்கிட்ட கேட்டா, 'நான் உங்க அம்மாவைத் திட்டினேனா?'ன்னு."

இவரைத் தேடிப் போனேன். குளக்கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தப் பொண்ணைத் திட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை போடுங்க."

"மக்கள் எழுச்சியை நான் எப்படித் தடுப்பது?"

"நீங்க கிளப்பினதுதானே?"

"நான் உண்மையைச் சொன்னேன். உண்மைக்கு விளைவு உண்டு." அப்போதுதான் அவர் தண்ணீரைக் காட்டினார். "அதை விடு. இங்கே பார். எழுத்து இல்லை."

தூண் சுத்தமாக இருந்தது.

"அழித்துவிட்டார்கள், ஹேமா! ஒரே இரவில்!"

அவர் முகத்தில் துக்கம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பரிசு விழுந்தவர் முகம். இருக்கும் எழுத்தைவிட அழிக்கப்பட்ட எழுத்துக்கு மதிப்பு அதிகம். இருப்பதைப் போய்ப் பார்க்கலாம், அழிக்கப்பட்டதை யார் போய்ப் பார்ப்பது?

அதே ரப்பரோடு அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். காற்று அடித்தது. முடி பறக்கவில்லை. நன்றாகத்தான் கட்டியிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். அவர் அதற்குள் அடுத்த வீடியோவை ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் குழு முழுவதும் குளக்கரையில். ஜோஷ்வா கைபேசியை ஒரு கழியில் மாட்டிப் பிடித்திருந்தான். சென்னையிலிருந்து ஒரு பெண் கேள்வி கேட்டாள். இவர் மாலைபோலத் துண்டைத் தோளில் போட்டு, மரத்தடியில் நின்றார். ஏராபொலி, பம்மிய கல், எல்லாம் வந்தது. பிறகு, "அழிக்கப்பட்ட இடத்தை உலகத் தமிழர்கள் கண்ணால் காண வேண்டும். என் துணைவியார் பொற்கொடி நீரில் இறங்கி அந்த வடுவைத் தொட்டுக் காட்டுவார்" என்றார்.

இறங்க மாட்டேன் என்று சொல்வேனோ என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை முழங்கையோடு நின்ற விடுதலை ஞாயிற்றுக்கிழமை கழுத்து வரை வந்துவிட்டது. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. இறங்கினேன். தூணின் மேல் உட்கார்ந்தேன்.

"தொட்டுக் காட்டு, பொற்கொடி. உளியின் தடம் தெரிகிறதா?"

"தெரியல."

"நன்றாகத் தடவிப் பார். சுரண்டிய தடம் இருக்கும்."

"சுரண்டல. எடுத்தது. நான்தான் எடுத்தேன்."

சென்னைப் பெண், "அம்மா, என்ன சொல்றீங்க? திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

கையைப் பின்னால் கொண்டுபோய் ரப்பரை உருவினேன். முடி தோளில் விழுந்தது. ரப்பரைத் தூணின் விரிசலில் வைத்துக் கொஞ்சம் முறுக்கிவிட்டேன். ழகரம் வந்துவிட்டது. வீடியோவில் இருந்ததைவிட நன்றாகவே வந்தது.

"வெள்ளிக்கிழமை தலைமுடி கட்ட எடுத்தேன். அன்னிலேருந்து என் தலையிலதான் இருக்கு. வெள்ளி ராத்திரி இவருக்கு எதிரே உக்காந்து சாப்பிட்டேன். சனிக்கிழமை முழுக்கக் கூடவே நடந்தேன். இன்னிக்குக் காலையில இவர் பக்கத்துல உக்காந்துதான் பஸ்ஸுல வந்தேன். யாரும் எதையும் அழிக்கல. அந்தப் பொண்ணு குப்பைன்னுதான் சொன்னா. சரியாத்தான் சொன்னா. அவளைத் திட்டினவங்க எல்லாம் அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

 

"அவர் உளறுகிறார்... வெந்நீர்... தலைசுற்றல்..." என்றார் இவர்.

அப்போது ஆச்சி கரையிலிருந்தே குரல் கொடுத்தார். "புலவரய்யா, அது என் ரப்பருங்க. தேவகோட்டை வெள்ளாளர் தெருவுல வாங்குனது, அட்டையில பன்னெண்டு இருக்கும். மிச்சம் பதினொண்ணு ரூம்ல இருக்கு. கொண்டாரவா? அகர வரிசை பூரா எழுதிப்புடலாம்."

குழுவில் முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சென்னையில் தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள்.

இவர் சிரிக்கவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டார். செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்து மிதந்தது. நான் எடுத்துக் கரையில் வைத்தேன். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவிழ்ந்த முடியை, உடுப்பை, கழுத்தை. எதிரே இருப்பது யார் என்று விசாரிப்பது போல.

"சாப்பாட்டு மேஜையிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார் மெதுவாக.

"வாயைத் திறந்தேன்" என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

காலை உணவின்போது மகள் கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. "அம்மா, உன் வீடியோவை எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். "அப்பா எப்படி இருக்கார்?" என்றாள். தோசைக்குப் பதில் கிடைத்த ஏதோ ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

ஜோஷ்வா என் பேச்சை ஆங்கிலத்தில் எழுதி ஏஜென்சிக்கு அனுப்பியிருந்தான். நாங்கள் கிளம்பும் நேரத்துக்கு எலிஃப் வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். வசை நின்றதா என்று கேட்டேன். "குறைந்திருக்கிறது. இப்போது பாதிப் பேர் உங்களைத் திட்டுகிறார்கள் தெய்ஸெ" என்றாள்.

உண்மைதான், பார்த்தேன். துரோகி. துருக்கிக்கு விலைபோனவள். அதில் ஒருவர், அம்மாவை மிரட்டித் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள் என்று உருகியிருந்தார். அவர் மட்டும் பாதி சரி.

எலிஃப் இவரிடமும் போய்க் கை நீட்டினாள். இவர் தயங்கினார். பிறகு கையைப் பிடித்தார், "சாரி" என்றார். தமிழில் அதற்கு எத்தனையோ சொல் உண்டு. அவளுக்குப் புரிகிற சொல்லாகச் சொன்னாரே, அதுவரை சந்தோஷம்.

பேருந்தில் அரைமணி கழித்துக் கைபேசியை எடுத்து மெதுவாகப் பேசிப் பதிவு செய்தார். "...கடும் வெந்நீர்க் குளியலால் என் துணைவியாருக்கு நேர்ந்த மனக்குழப்பம் பற்றி..." சந்தோஷத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

அக்டோபர் 23, புதன். திருச்சி

சார்ஜா வழியாகக் காலையில் வந்து இறங்கினோம். ஆச்சியை அவர் தம்பி மகன் வந்து காரில் அழைத்துப்போனான். போகும்போது என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார், சீப்புச் சீடை.

வெளியே ஏழெட்டுப் பேர், ஒரு பேனர்: 'துருக்கியில் ழகரம் கண்ட தகைசால் பேராசிரியரே, வருக!' அழிந்ததோ அழியாததோ, ரப்பரோ கல்லோ, அச்சடித்த பேனரை வீணாக்க முடியுமா? மாலையும் வைத்திருந்தார்கள். இவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்ற பார்வை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார். மாலை விழுந்தது.

ஓர் இளைஞன் பவ்யமாக என்னிடம் வந்தான். "அம்மா, உடம்பு இப்பப் பரவாயில்லையா?"

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா ஞாபகமும் இருக்கு. என்ன கேக்கணுமோ கேளுங்க."

அவன் எதையும் கேட்கவில்லை. பேனர் பக்கம் நகர்ந்துவிட்டான். இவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நான் டாக்ஸியைப் பிடித்து என் பெட்டியை மட்டும் ஏற்றினேன். டிரைவர், "சார் வரலையாம்மா?" என்றார். "அவர் பேசிட்டு வருவார்" என்றேன்.

வீட்டைப் பெருக்கினேன், துடைத்தேன், குளித்தேன், டிகாக்‌ஷன் இறக்கி ஒரு காபி குடித்தேன். மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்திருப்பேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காபி இருக்கா?"

"டிகாக்‌ஷன் இருக்கு. பாலைக் காய்ச்சிக்கணும்."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம்.

"ஹேமா, அடுப்பு பத்த வைக்கிற லைட்டர் எங்கே இருக்கு?"

"அங்கேதான்."

முதல் இழுப்பறையைத் திறந்தார். கரண்டிகள் சலசலத்தன. இரண்டாவதைத் திறந்தார். இப்போது மூன்றாவதைத் திறக்கிறார். லைட்டர் அதிலும் இல்லை.